இடஞ்சுழி மொக்கு

வாயைக் கொடுத்து வம்பை வாங்குகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஜக்கையன் கையைக் கொடுத்து வாங்கினான்.

பங்குனி வெயில். மலைமேட்டுக்கு அரிசி ஏற்றிப் போக வேண்டிய லாரி ஒன்று அடிவாரத்து முந்தல் ஊரில் கிளம்பமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்து லாரிக்கு மூக்கில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் உயிர் வரும். டிரைவர் சுழற்றிச் சுழற்றி, வேர்த்துப் போய் உட்கார்ந்துவிட்டார். தோல் பதம்போட அங்கே ஆவாரம்பட்டை உரித்துத் தலைச்சுமையாக வந்துகொண்டிருந்த ஜக்கையன் பேசாமல் போக வேண்டியதுதானே? போகமாட்டானே! சுமையை இறக்கி வைத்தான்.

"தள்ளுங்கண்ணே. எருமத்தோல முறுக்குற கையி இது. ஒரு சுத்துக்குத் தாங்குமா ஒங்க லாரி?"

லாரிக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் கம்பி எதிர்ப்பக்கம் சுழன்று அடித்தது. மணிக்கட்டும் கட்டைவிரலும் ஒன்றாகப் போயின.

ராசிங்காபுரத்து வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "ஆடி பொறக்கட்டும்ப்பா. அதுவரைக்கும் இந்தக் கையி ஒனக்குச் சொந்தமில்ல" என்று சொல்லி அனுப்பினார். கையைத் துண்டால் கழுத்தில் தூக்கிக் கட்டிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது, மருதாயி கொட்டகுடி ஆற்றங்கரையில் தோல் சுரண்டிக்கொண்டிருந்தாள். புருசனைப் பார்த்தாள். ஐயோ என்றும் சொல்லவில்லை, ஆத்தா என்றும் சொல்லவில்லை.

"எந்தக் கையி?" என்றாள்.

"வலது."

அவள் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்தாள். இது பொண்டாட்டி கேட்கிற கேள்வியா என்று அவனுக்குக் கோபம் வந்ததாம். அவள் கேட்டது சரிதான். பெரியகருப்பன் மாட்டுக்கு இன்னும் ஒரு கழுத்துப்பட்டை பாக்கி இருந்தது.

பெரியகருப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியில் ஏலக்காய் மூடை ஏற்றுகிற வண்டிகள் நாலைந்து வைத்திருந்தவர். ஆனால் அவர் உயிர் பார வண்டியில் இல்லை, பந்தய வண்டியில் இருந்தது. வலத்து மாடு மயிலை, இடத்து மாடு செவலை. சித்திரைத் திருவிழாவுக்குத் தேவாரம் ரோட்டில் பந்தயம் நடக்கும். அந்த ஜோடிக்குப் புதுக் கழுத்துப்பட்டை கட்டுகிற உரிமை ஜக்கையன் குடும்பத்துக்கு.

பட்டை என்றால் கடையில் தொங்குகிற சாமானை நினைத்துக்கொள்ளாதீர்கள். எருமைத்தோலை உருட்டித் தைத்த தண்டு. அதில் வரிசையாக வெண்கலச் சலங்கை. சலங்கைக்கும் சலங்கைக்கும் நடுவே ஆட்டுத்தோல் வாரில் பின்னிய ஒரு முடிச்சு. அதைத்தான் மொக்கு என்பார்கள். அவிழப்போகிற மல்லிகை மொக்கு போலவே இருக்கும். ஒரு வார் மேலே ஏறும், அடுத்தது அடியில் நுழையும், தண்டைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே விழுங்கிவிடும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டை கட்டினவன்தான் பந்தயத்தன்று அதை மாட்டுக் கழுத்தில் பூட்ட வேண்டும். வண்டிக்காரர் அவன் தலையில் தன் கையால் உருமால் கட்டுவார். அவன் மாட்டுக்கு முன்னால் எல்லைக்கல் வரைக்கும் நடப்பான். ஊரே ஓரத்தில் நின்று பார்க்கும். டீக்கடையில் வாசலுக்கு வெளியே தனிக் கிளாசில் டீ வாங்கிக் குடிக்கிறவன் தலையில், வருசத்தில் அந்த ஒரு நாள் பெரியகருப்பன் கை படும். அது என்ன மரியாதை என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

முதல் பட்டையை ஜக்கையன் மாசியிலேயே முடித்துக் கொடுத்துவிட்டான். அது பெரியகருப்பன் வண்டிக்கொட்டகையில் ஊர் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதைப் பற்றி அதே டீக்கடை வாசலில் நின்று இவன் சவடால் விட்டிருந்தான்: "சித்திரைக்குள்ள ரெண்டு பட்டையும் ரெண்டு கழுத்துல ஏறும். ஏறலன்னா, நானும் சரி என் வம்சமும் சரி, ஒங்க மாட்டு முன்னால நடக்கமாட்டோம் மொதலாளி!" யாராவது கேட்டார்களா இவனை?

"மதுரைக் கடையில ரெடியா வார்ப்பட்ட விக்குதாம்" என்று அன்றைக்கே பெரியகருப்பனிடம் ஒருவன் சொன்னதும் மருதாயி காதுக்கு வந்திருந்தது. ஒரு வருசம் அந்தக் கடை வார்ப்பட்டை மாட்டுக் கழுத்தில் ஏறினால் போச்சு. அப்புறம் தலையில் உருமாலும் கிடையாது, முன்னால் நடையும் கிடையாது.

கை ஒடிந்து வந்த அன்றைக்குச் சாயங்காலம் மருதாயி கேப்பைக் களி கிண்டி, மொச்சைக் குழம்பு ஊற்றி, அவனுக்கு உருட்டி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாங் கட்டுறேன்."

"என்னத்த?"

"மொக்க."

களியை நீட்டிய கையை அவன் தள்ளினான். "அடியே, அது என்ன கூந்தல் முடியிற சோலின்னு நெனச்சியா? எங்கப்பன் எனக்குக் கையப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்து, அதுலயும் நான் எத்தன வார நாசம் பண்ணுனேன் தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஒனக்கு எதுக்க உக்காந்து வாரு நுனியப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். கண்ணு குருடா எனக்கு?"

அது நிசம். மொக்குக் கட்டும்போது வாரின் நுனிகளை ஒருத்தர் எதிரே உட்கார்ந்து விறைப்பாகப் பிடிக்க வேண்டும். அது மருதாயி சோலி. அவள் கண் கொஞ்சம் குரங்கணிப் பக்கம் திரும்பினால் போதும், "நுனியப் பிடிடீ, மலையப் பாக்காத!" என்று கத்துவான். தெருவே அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியிருந்தது.

மறுநாள் தொடங்கினார்கள். ஆற்றோரம் புங்கமர நிழல். வெயிலுக்கு வார் காய்ந்து முறுக்கிக்கொள்ளும் என்று ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து விளக்கெண்ணெய் தடவினாள். ஒரு வாரைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கட்டுகிறவன் பல்லில்தான் முதல் வார் இருக்கும். ஜக்கையன் அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்தான், சொல்லிக் கொடுப்பதற்கு.

அவன் சொல்லிக் கொடுத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

"இந்த வார அப்பிடிக் கொண்டா."

"எப்பிடி?"

"அப்பிடித்தான். மேல ஏத்தி… ஏத்தாத! அய்ய… சும்மா அப்பிடியே அது போற போக்குல விடணும்."

"அது போற போக்கு எனக்கென்ன தெரியும்? வெவரமாச் சொல்லு."

"எனக்குச் சொல்லத் தெரியாது புள்ள. கையிக்குத்தான் தெரியும்."

"அந்தக் கையத்தான் லாரிக்குக் குடுத்துட்டு வந்துட்டியே!"

வார் அறுந்தது. முடிச்சு சப்பையாக வந்தது. ஒன்று மொக்காகவே வராமல் மூட்டை கட்டின மாதிரி உருண்டது. அவன் பதறிக் கட்டுப்போட்ட கையை நீட்டுவான், வலியில் ஆத்தா என்பான், திரும்ப நீட்டுவான். மருதாயிக்குச் சோறு தண்ணியெல்லாம் தோலும் விளக்கெண்ணெயுமாக ருசித்தது. பல் ஈறு புண்ணாகிவிட்டது.

நடுவில் அவள் தங்கச்சி செல்லக்கிளி மலையிலிருந்து திருவிழாவுக்கு இறங்கி வந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவள்; பேச்சில் பாதி மலையாளம் ஏறியிருக்கும். முந்தானையில் முடிந்திருந்த நாலு ஏலக்காயை அக்கா வாயில் போட்டாள். "மெல்லுக்கா. வாயத் தெறந்தா செருப்புக் கட வாசம் அடிக்கிது" என்றாள். பிறகு கெட்டுப்போன முடிச்சுகளை விரலில் மாட்டிப் பார்த்தாள். "எந்தா மச்சான் இது? மொக்கா, இல்ல மொட்டத் தலையா?"

"போடி அங்கிட்டு!" என்றான் ஜக்கையன். ஆனால் அவன் முகம் செத்துப்போயிருந்தது. அன்று மத்தியானம் கூழைக் குடிக்காமல் வைத்துவிட்டு அவன் சொன்னான். "விட்ரு மருதாயி. நான் போயி மொதலாளி கால்ல விழுந்துர்றேன். வாயி என்னது. நான் பேசுனதுக்கு நீ எதுக்கு பல்லு நோகக் கெடக்கணும்?"

மருதாயிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

"கால்ல விழுவியா? அந்த மாட்டு முன்னால நீ நடக்குறப்ப ரோட்டோரத்துல நிக்கிறவ நானு. எம்புருசன்டீன்னு பக்கத்துல நிக்கிறவகிட்டச் சொல்லிக்கிட்டு நிப்பேன். ஒனக்கு அது ஒரு நாளு. எனக்கு அதுதான் வருசம் பூராத்துக்கும். பேசாம எந்திரிச்சு எதுக்க வா."

"எதுக்கயா?"

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு உசிர எடுக்காத. எதுக்க உக்காரு. இந்தா, எடது கையால நுனியப் பிடி. வாயத் தெறக்கக் கூடாது."

அவன் எதிரே போய் உட்கார்ந்தான். நுனியைப் பிடித்தான். வார் விறைத்தது. மருதாயி அந்த விறைப்பைப் பார்த்தாள். எத்தனையோ வருசமாக அவள் பார்த்த காட்சி அதுதான். பிடிக்கிற இடம்தான் மாறியிருந்தது. கை தானாகப் போனது. மேலே, அடியில், மேலே. ஒரு வாரை விட்டு அடுத்த வாரைத் தாண்டி, தண்டைச் சுற்றி, குத்தூசியால் வழி திறந்து வாலை உள்ளே கொடுத்து, பல்லால் இழுத்து இறுக்கினாள். மொக்கு உட்கார்ந்தது.

செல்லக்கிளி குனிந்து பார்த்தாள். "கொள்ளாமே!" என்று மலையாளத்தில் மெச்சினாள்.

ஜக்கையனுக்குப் பேச அனுமதி இல்லை. தலையை மட்டும் ஆட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது. எதிரே தெரிந்தது கண்ணாடியில் தன்னையே பார்த்தது மாதிரி இருந்தது அவனுக்கு. ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் பின்னால் வினையாக வந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பெரியகருப்பன் பந்தய வண்டியைப் பூட்டி ஓட்டிக்கொண்டே தெருமுனைக்கு வந்தார். வண்டியில் மயிலையின் பட்டையும் இருந்தது, பால்சாமியும் இருந்தார். பால்சாமி மாட்டுத் தரகர். மாட்டுச் சுழி பார்ப்பதில் கம்பம் வரைக்கும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. எந்த மயிர்ச்சுழி எந்தப் பக்கம் திரும்பினால் வீட்டுக்கு ஆகும், எது குடியைக் கெடுக்கும் என்று சொல்லுவார். அவர் தலையாட்டாத மாட்டை ஓசிக்குக் கொடுத்தாலும் போடியில் யாரும் பிடிக்கமாட்டார்கள்.

பெரியகருப்பன் தெருவுக்குள் வராமல் முனையிலிருந்த வேப்பமரத்தடியோடு நின்றுகொண்டார். மருதாயி புதுப் பட்டையைக் கொண்டுபோய்க் கல்லின் மேல் வைத்தாள். அவர் எடுத்துச் சலங்கையைக் குலுக்கினார். முகம் மலர்ந்தது. "ஒடஞ்ச கையோட கட்டிட்டானே! கையிக்காரன்தான்ப்பா."

பால்சாமி வாங்கினார். ஒரு மொக்கின் மேல் விரலை வைத்துப் பின்னல் போகிற வழியே தேய்த்துக்கொண்டே போனார். விரல் நின்றது. மயிலையின் பட்டையை எடுத்து அதிலும் தேய்த்துப் பார்த்தார்.

"இது எடஞ்சுழி" என்றார்.

"என்னது?"

"அது வலமாச் சுத்துது. இது எடமாச் சுத்துது. எல்லா மொக்கும் அப்பிடியே. இத மாட்டுக் கழுத்துல போடக் கூடாது பெரியகருப்பா. சுழி சுத்தம் பாத்துப் பிடிச்ச மாட்டுக்கு நம்மளே கள்ளச்சுழி போட்டுவிடுறதா?"

ஜக்கையன் ஓடிவந்து பார்த்தான். பார்த்த உடனே புரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து கற்றவள் அவன் வலத்தை இடமாகக் கற்றிருந்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்த அவனுக்கு அது சரியாகவே தெரிந்திருந்தது. சொல்லிவைத்தாற்போல் இரண்டு பேரும் ஏமாந்திருந்தார்கள். ஈரத்தில் கட்டின வார் காய்ந்து இறுகிவிட்டது. இனி அறுத்தால்தான் உண்டு.

அவன் வாய் சும்மா இருக்குமா? "மொதலாளி, அது நானே வேணும்னுதான், ஒரு புது மாதிரியா…"

"பொய்யிச் சொல்லாதய்யா" என்றாள் மருதாயி. "மொதலாளி, நாங் கட்டுனேன். மொத மொக்குலருந்து கட மொக்கு வரைக்கும் என் கையி. அவரு நுனி பிடிச்சாரு."

செவலை தலையை உதறியது.

"பொம்பள கட்டுனதா? எம் மாட்டுக்கா?" என்றார் பெரியகருப்பன்.

"தோல ஊறப்போட்டது பொம்பள. மயிரு சுரண்டுனது பொம்பள. பட்டையிடிச்சுப் பதம் போட்டது பொம்பள. அதுக்கெல்லாம் ஒங்க மாட்டுக்கு ஒண்ணும் ஆகல. முடிச்சுப் போட்டா மட்டும் ஆயிருமாக்கும்?"

பெரியகருப்பனிடம் அப்படி எதிர்த்துப் பேசி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவர் சாட்டைக்கம்பின் இரும்பு முனையை ஒரு மொக்குக்குள் செருகி நெம்பினார். மொக்கு அசையவில்லை. இன்னொன்றை நெம்பினார், பல்லைக் கடித்துக்கொண்டு. கம்பு முனைதான் வளைந்தது.

"இறுக்கம் இருக்கு" என்றார்.

"சுழி?" என்றார் பால்சாமி.

"சுழி இதுதான்" என்றாள் மருதாயி. "அறுத்துட்டுத் திரும்பக் கட்டுனாலும் எனக்கு இப்பிடித்தான் வரும். மனசிருந்தாப் போடுங்க. இல்லன்னாக் கொடுங்க, எங்க வீட்டுச் செவுத்துல மாட்டி வெச்சிக்கிறேன். எனக்கு இதுல வெக்கம் ஒண்ணும் கெடையாது."

"போட்டுத்தான் பாருங்களேன் மொதலாளி. கழுத்தயா கடிச்சிரும்?" என்றாள் செல்லக்கிளி பின்னாலிருந்து.

பெரியகருப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். மயிலைக்கு முதல் பட்டையையும் செவலைக்குப் புதியதையும் தானே போட்டார். நாலு எட்டுப் பின்னால் வந்து, இரண்டு மாட்டுக்கும் நேர் முன்னால் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பால்சாமி, இங்கிட்டு வா. என்ன தெரியிது?"

பால்சாமி வந்தார். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். மயிலையின் மொக்குகள் எல்லாம் சுழி திரும்பின பக்கமே உள்ளே, நடு ஏர்க்காலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. செவலையின் மொக்குகளும் உள்ளே, ஏர்க்காலைப் பார்த்தே சாய்ந்திருந்தன. இரண்டு கழுத்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"ரெண்டும் உள்ளாக்கப் பாக்குது" என்றார் பால்சாமி.

"போன வருசம்?"

"எடத்து மாட்டுது ரோட்டப் பாத்து இருந்திருக்கும்."

"அதான் இந்தக் கழுத செவல எப்பவும் வெளியவே இழுக்குதோ!" என்று தொடையில் அடித்துக்கொண்டார் பெரியகருப்பன்.

மாட்டுக்கு மொக்கு தெரியுமா, சுழி தெரியுமா? எனக்குத் தெரியாது. வண்டிக்காரனுக்கு மனசில் பட்டுவிட்டது, அது போதாதா? பால்சாமியும் லேசுப்பட்டவரா என்ன? தொண்டையைச் செருமி, ஏதோ பழைய சாத்திரம் சொல்லுகிற மாதிரி, "எடத்து மாட்டுக்கு எடஞ்சுழி தோசமில்ல" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் தேவாரம் ரோட்டில் எள்ளுப் போட்டால் எண்ணெயாகும், அவ்வளவு கூட்டம். மலைப்பக்கம் மேகம் திரண்டு காற்று ஈரமாக வந்தது. மருதாயி எப்போதும்போல ரோட்டோரத்தில் நின்றாள், பக்கத்தில் செல்லக்கிளி. பெரியகருப்பன் சரிகைக்கரை உருமாலை எடுத்து ஜக்கையன் தலையில் தன் கையால் கட்டினார். "நட ஜக்கையா" என்றார்.

ஜக்கையன் நடக்கவில்லை.

"என்னப்பா?"

"மயிலைக்கு முன்னால நான் நடக்குறேன் மொதலாளி. செவலைக்கு முன்னால ஆரு நடக்குறது?"

கூட்டத்தில் சலசலப்பு. பொம்பளை தலையில் பெரியகருப்பன் எப்படி உருமால் கட்டுவார்? ஜக்கையன் இடது கையால் தலையிலிருந்த உருமாலை உருவினான். ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடித்தான். வார் கடித்துப் பழகின பல். சர்ரென்று ஒரே இழுப்பில் உருமால் இரண்டாகக் கிழிந்தது.

"மருதாயி! இங்க வா!"

அவள் வந்தாள். கால் பின்னவில்லை, தலை குனியவில்லை. பாதி உருமாலை வாங்கி, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும்போது கட்டுகிற கட்டாகத் தலையைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். மறு பாதியை அவன் தலையில் அவளே கட்டிவிட்டாள். கிழிந்தது பெரியகருப்பன் உருமால். அவர் சூரியனைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"வெரசா நடங்கப்பா ரெண்டு பேரும். நேரமாச்சு."

நடந்தார்கள். பின்னால் சலங்கைச் சத்தம். மயிலைக்கு முன்னால் ஒரு கை ஒடிந்தவன். செவலைக்கு முன்னால் மருதாயி. "எங்கக்காடீ!" என்று செல்லக்கிளி யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, ரோடு பூராவும் கேட்டது.

பந்தயத்தில் தேவாரத்து வண்டிதான் முதலில் வந்தது. நம் வண்டி இரண்டாவது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஆடியில் ஜக்கையன் கைக்கட்டை அவிழ்த்த கையோடு, முதலில் வந்த அந்தத் தேவாரத்துக்காரரே தெருமுனையில் வந்து நின்றார். உள்ளே பார்க்கிற ஜோடி வேண்டுமாம், வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று.

"ரெண்டையும் நானே கட்டிர்றேன்" என்றான் ஜக்கையன். கை சரியானதும் வாயும் சரியாகிவிட்டது. வலத்துப் பட்டையை முடித்தான். இடத்துப் பட்டையைக் கையில் எடுத்தான். ஒரு மொக்குப் போட்டான், வலமாக வந்தது. அவிழ்த்தான். யோசித்து யோசித்துப் போட்டான், மூட்டையாக வந்தது. பொழுது சாயும்வரை போராடிவிட்டு வாரைக் கீழே வைத்தான்.

"எனக்கு அந்தப் பக்கம் வரமாட்டேங்குது புள்ள."

மருதாயி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அவன் உட்கார்ந்திருந்த மணையைக் காலால் தட்டினாள். அவன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். அவள் முதல் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மற்ற நுனிகளை அவன் பிடித்தான். ஆடிக்காற்றில் குரங்கணி மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பராக்குப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

கடித்த வாரோடு அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"நுனியப் பிடிய்யா, மலையப் பாக்காத!"